ஜூனியருக்கு யார் படியளப்பது? பார் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

வழக்கறிஞர்களைப் பதிவு செய்து மேற்பார்க்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், பொறுப்புக்கு வர எங்களிடம் ஓட்டுக் கேட்டு வருபவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு சின்ன மாவட்டத் தலைநகரில் தொழில் செய்யும் பெண் வழக்கறிஞர். பெரும்பாலும் சிவில் பக்கம்: பாகப்பிரிவினை, உறுத்துக்கட்டளை (ஒரு செயலைத் தடுக்கக் கேட்கும் கோர்ட் உத்தரவு), அவ்வப்போது விபத்து இழப்பீடு, பணமில்லாமல் திரும்பிய செக் கேஸ். அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவும் இரண்டு ஜூனியர்களும், அதாவது சீனியரிடம் தொழில் பழகும் இளம் வழக்கறிஞர்களும், இருக்கிறார்கள். ஜூனியர்களின் உதவித்தொகை பற்றித்தான் எழுதுகிறேன். புதிய விஷயம் இல்லைதான். ஆனால் 2025 மே மாதத்துக்குப் பிறகு அதன் கனமே மாறிவிட்டது, அதை நீங்கள் இன்னும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு உங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. சென்னை, மதுரை, கோவையில் இருக்கும் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று வழக்கறிஞர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. வேலை வாங்கிக்கொண்டு காசு தராமல் இருப்பது சுரண்டல்தான் என்றும், ஆண், பெண், திருநர் என்று தொகையில் பேதம் கூடாது என்றும் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நாடு முழுவதற்கும் ஒரு சுற்றறிக்கை விட்டது. நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000, மூன்று ஆண்டுகளுக்கு. பணியில் சேரும்போது கடிதம் கொடுங்கள், பதிவேடு வையுங்கள், தராவிட்டால் ஜூனியர் மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் மொத்தமும் பரிந்துரை. கட்டாயம் இல்லை.

எங்கள் கோர்ட் வளாகத்தில் அந்தத் தொகை இன்று ஒரு கிண்டலாகத்தான் புழங்குகிறது. கேன்டீனில் டீக்குக் காசு கொடுக்க ஜூனியர் பையில் கைவிட்டால், "என்னப்பா, இருபதாயிரம் வந்துடுச்சா?" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். எங்கள் ஊர்க் கணக்குப்படி அவனுக்கு 15,000தான் என்பதுகூட யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

சரி, 2025 மே 20-க்கு வருகிறேன். அன்று உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் அமர்வு, கீழமை நீதிமன்றங்களில் சிவில் நீதிபதி தேர்வு எழுதக் குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. 2002-இல் அதே நீதிமன்றம் எடுத்துவிட்ட விதி இது. இடைப்பட்ட காலத்தில், சட்டக் கல்லூரியிலிருந்து வெளியே வந்த கையோடு தேர்வு எழுதி நீதிபதியாக ஒரு வழி இருந்தது. என்னைக் கேட்டால் தீர்ப்பு சரிதான். ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தே பார்க்காத இருபத்து நான்கு வயதுக்காரர், சொத்து வழக்கில் ஆணை போடுவதில் எனக்கும் சங்கடம் உண்டு.

ஆனால் அந்த மூன்று ஆண்டு யார் செலவில் என்பதுதான் கேள்வி.

மே 2025 வரைக்கும் ஜூனியர் காலம் என்பது தொழிலில் நிலைப்பதற்கான காத்திருப்பு. முடியாதவர்கள் வேறு பக்கம் போனார்கள், அதில் ஒரு பக்கம் நீதித்துறைத் தேர்வு. இப்போது அந்தக் கதவுக்குப் போகும் பாதையும் பெரும்பாலும் ஜூனியர் அலுவலகம் வழியாகத்தான் போகிறது. மாதம் 15,000 என்று வைத்தாலே மூன்று ஆண்டுக்கு 5,40,000 ரூபாய். இந்தத் தொகை கைக்கு வராமலேயே மூன்று ஆண்டு ஓட்டக்கூடியவர்தான் இனி இந்த மாநிலத்தில் சிவில் நீதிபதி ஆக முடியும். அப்பா வழக்கறிஞராக இருப்பவர் ஓட்டிவிடுவார், சொந்த வீடும் வாடகை வருமானமும் உள்ளவர் ஓட்டிவிடுவார். மற்றவர்கள்?

அந்த மற்றவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். தருமபுரி, விழுப்புரம், இராமநாதபுரம், தேனி, நாமக்கல் என்று ஊர் ஊராக அரசு சட்டக் கல்லூரிகள் வந்ததே இவர்களுக்காகத்தான். நெசவாளி வீட்டுப் பெண், ஆட்டோ ஓட்டுகிறவரின் மகன், நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவின் பிள்ளை. குடும்பத்தில் முதல் பட்டதாரி, முதல் கறுப்புக் கோட்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் நீங்கள் நடத்தும் பதிவு விழாவில், வாடகைக் கார் பிடித்து ஊரிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்களே, அந்தப் பெற்றோரின் பிள்ளைகள்.

பதிவுக் கட்டணத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம் கிடைத்தது. 2024 ஜூலை 30-ஆம் தேதி தீர்ப்பில், தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதற்கு முன்னால் மாநிலத்துக்கு மாநிலம் 15,000-லிருந்து 42,000 வரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீர்ப்பால் எல்லா மாநில பார் கவுன்சில்களின் கஜானாவும் மெலிந்தது, உங்களுடையதும்தான். அது எனக்குப் புரிகிறது. ஆனால் வாசலில் வாங்கிய காசைக் குறைத்துவிட்டு, உள்ளே வந்தவரை மூன்று ஆண்டு பட்டினி போட்டால் கணக்கு எங்கே நேராகிறது?

வேறு வேலை பார்த்துக்கொண்டே ஜூனியராக இருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இருக்க முடியாது. பார் கவுன்சில் விதி 49-இன்படி, தொழில் செய்யும் வழக்கறிஞர் முழு நேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. விதி 47-இன்படி சொந்த வியாபாரமும் நடத்தக் கூடாது. நல்ல விதிகள், தொழிலின் கண்ணியத்துக்காக வைத்தவை. ஆனால் வேறு எங்கும் சம்பாதிக்காதே என்று சொல்லும் அமைப்புக்கு, இங்கே சம்பாதிக்க வழி செய்யும் கடமையும் உண்டா இல்லையா? இந்த விதியைச் சுட்டிக்காட்டியே ஜூனியருக்கு மாதாமாதம் பணம் கொடுத்தால் அது சம்பளம் ஆகிவிடுமே என்று தர்க்கம் பேசிய ஒரு சீனியரையும் எனக்குத் தெரியும். உதவித்தொகை சம்பளம் ஆகாது. ஆகும் என்றால் இந்திய பார் கவுன்சில் அப்படி ஒரு சுற்றறிக்கையே விட்டிருக்க முடியாது. இருந்தாலும் அவருடைய வாதத்திறமைக்கு ஒரு வணக்கம்.

ஒரு ஜூனியரின் நாள் எப்படிப் போகிறது என்று நகரத்து சேம்பர்களில் இருக்கும் உறுப்பினர்களுக்கு மறந்திருக்கலாம். காலை ஒன்பது மணிக்குள் அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்து, எந்த வழக்குக் கட்டு எந்தக் கோர்ட்டுக்கு என்று பிரித்து வைக்க வேண்டும். சார்பு நீதிமன்றத்தில் சீனியர் வாதாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் முன்சீப் கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டால் ஓடிப்போய் பாஸ் ஓவர், அதாவது அன்றே சற்று நேரம் கழித்துக் கூப்பிடும்படி, கேட்க வேண்டும், இல்லையென்றால் வாய்தா வாங்க வேண்டும். நீதிபதி எரிச்சலில் இருந்தால் திட்டும் அவருக்குத்தான். பிறகு நகல் மனு, திரும்பி வந்த தாவாவில் (சிவில் வழக்கு மனு) குறை திருத்தம், இ-ஃபைலிங்குக்கு ஸ்கேன் எடுப்பது, கட்சிக்காரரை பஸ் ஸ்டாண்டில் போய்க் கூட்டி வருவது. மாலை ஆறு மணிக்கு அலுவலகம். கட்சிக்காரர்கள் வேலை முடித்து வருவதே ஏழு மணிக்கு மேல்தான். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் சீக்கிரம் என்று அர்த்தம்.

என்னிடம் இருக்கும் பெண் ஜூனியரின் ஊருக்குக் கடைசி பஸ் எட்டே காலுக்கு. ஏழே முக்காலுக்கு அவரை அனுப்பிவிடுவேன். எல்லா அலுவலகத்திலும் அப்படி அனுப்புவதில்லை. ஊரிலிருந்து வந்து போக முடியாதவர்கள் விடுதியில் தங்க வேண்டும், விடுதிக்கு மாத வாடகை உண்டு. திருமணம் பேசும் வீட்டில் "பொண்ணு என்ன சம்பாதிக்கிறா?" என்ற கேள்வி உண்டு. முதல் இரண்டு ஆண்டில் கோர்ட்டை விட்டுப் போகும் பெண்களில் சட்டம் பிடிக்காமல் போனவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. மாநில பார் கவுன்சில்களில் பெண்களுக்கு 30 சதவீத இடம் வேண்டும் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மகிழ்ச்சி. அந்த நாற்காலிகளில் உட்கார வரிசையில் நிற்க வேண்டிய பெண்கள் இந்த வயதில்தான் கழன்றுகொள்கிறார்கள்.

இவ்வளவுக்கும் கையில் வருவது என்ன? பெட்ரோல் காசு. தீபாவளிக்கு ஒரு கவர். நல்ல சீனியராக இருந்தால், கட்சிக்காரர் ஃபீஸ் கொடுக்கும் அன்று அதில் ஐந்நூறு, ஆயிரம். பெரும்பாலும், "கத்துக்கத்தானே வந்திருக்க" என்ற ஒரு வரி. இதே வயதில் பயிற்சி மருத்துவருக்கு அரசு உதவித்தொகை தருகிறது. ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் சேரும் பிள்ளைக்குக் குறைந்தபட்சத் தொகை இவ்வளவு என்று அவர்களுடைய நிறுவனம் விதியாகவே வைத்திருக்கிறது. அவர்களும் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். மே 2025 தீர்ப்பின்படி மூன்று ஆண்டு அனுபவத்துக்குச் சான்று தர வேண்டியவர் அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர், அல்லது பத்து ஆண்டாவது தொழிலில் இருக்கும் ஒரு வழக்கறிஞர்; வழக்கறிஞர் தந்தால் அதன்மேல் மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அலுவலரின் மேலொப்பம். நடைமுறையில் அந்த வழக்கறிஞர் கையெழுத்து யாருடையது? ஜூனியரின் சீனியருடையதுதான். அதாவது பணம் தராத சீனியர் மேல் உங்களிடம் புகார் செய்ய வேண்டிய அதே பிள்ளை, மூன்றாம் ஆண்டு முடிவில் அதே சீனியரிடம் போய் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். புகார் வருமா? ஒன்றும் வரவில்லையே, எல்லாம் சுமுகமாகத்தான் இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த அமைதிக்குக் காரணம் இதுதான். காசு தராதது ஒரு பக்கம் இருக்கட்டும், கையெழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் ஓர் ஆண்டு வேலை வாங்குகிற நிலையும் வரும். அந்த வேலைக்கு எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறார்கள்.

இனி எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. மாவட்டத்தில் தனியாகத் தொழில் செய்யும் என்னைப் போன்றவரால் ஜூனியர் ஒவ்வொருவருக்கும் மாதம் 15,000 தர முடியாது. உறுத்துக்கட்டளை வழக்குக்குப் பேசிய ஃபீஸில் பாதி தாவா கோர்ட்டில் பதிவாகி நம்பர் ஆகும்போது வரும், மீதி வழக்கு முடிந்த பிறகு வரும் என்பார்கள், வராது. விபத்து வழக்கில் இழப்பீடு கைக்கு வர வருடங்கள் ஆகும். மே மாதம் கோர்ட் விடுமுறை, அந்த மாதம் வரவு கிட்டத்தட்ட பூஜ்யம். வழக்கறிஞர்களின் கோர்ட் புறக்கணிப்பு வந்தாலும் அப்படித்தான். அலுவலக வாடகை, குமாஸ்தா சம்பளம், நெட் பில், 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்ததும் அலமாரிப் புத்தகங்களைப் புதிதாக வாங்கிய செலவு. என் ஜூனியர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறேன், அது சுற்றறிக்கையில் உள்ள தொகை இல்லை.

ஆகவே ஒரே எண்ணை எழுதி எல்லாருக்கும் அனுப்பினால், முடியாதவர்களின் பின்னால் முடிந்தவர்கள் ஒளிந்துகொள்வார்கள். அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. சென்னையில் தம்பு செட்டித் தெருவிலும் ஆர்மேனியன் தெருவிலும் மாடி மாடியாக அலுவலகம் வைத்திருப்பவரும், தாலுகா கோர்ட் எதிரில் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: "நடைமுறைக்கு ஒத்து வராதுங்க." ஒருவர் சொல்வது உண்மை.

அதனால் முடிந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். நீதிமன்றத்திடம் மூத்த வழக்கறிஞர் அந்தஸ்து பெற்றவர்கள், அரசு வழக்கறிஞர்கள், வங்கி, இன்சூரன்ஸ், மாநகராட்சி ஆகியவற்றின் வழக்கறிஞர் பட்டியலில் இருப்பவர்கள், சட்ட நிறுவனங்கள். இவர்கள் தங்களிடம் எத்தனை ஜூனியர், மாதம் எவ்வளவு தருகிறார்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறை உங்களிடம் எழுத்தில் தரட்டும். மூத்த வழக்கறிஞர் அந்தஸ்துக்கு இருந்த 100 மதிப்பெண் முறையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டு, உயர் நீதிமன்றங்களைப் புதிய விதி வகுக்கச் சொன்னது. பழைய முறையில் தொழில் செய்த ஆண்டுக்கு மதிப்பெண், வாதாடிய தீர்ப்புகளுக்கு மதிப்பெண், எழுதிய கட்டுரைக்குக்கூட மதிப்பெண் இருந்தது. ஜூனியரை எப்படி வைத்திருந்தார் என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. விண்ணப்பிப்பவர் தன் ஜூனியர்களுக்குக் கொடுத்த தொகையின் விவரத்தையும் இணைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்கு நீங்கள் ஒரு தீர்மானம் அனுப்பலாமே. அரசு வழக்கறிஞர் நியமனத்துக்கும் இதையே கேட்கும்படி அரசுக்கும் எழுதலாம்.

முடியாதவர்கள் விஷயத்தில் அரசையும் உள்ளே இழுக்க வேண்டும். ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டு மாதம் 3,000 என்று தமிழ்நாடு அரசு 2020-இல் அறிவித்தது. மொத்தமாகப் பார்த்தால் 72,000 ரூபாய். ஆந்திராவில் 2019 டிசம்பரில் மாதம் 5,000 வீதம் மூன்று ஆண்டுக்கு என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கேரளம் 2018-லேயே 5,000 வரை என்று அரசாணை போட்டது. நம்முடையது மூன்று ஆண்டாக ஆக வேண்டும், நீதிபதித் தேர்வுக்கே மூன்று ஆண்டு கேட்கிறார்கள் அல்லவா. தொகையும் உயர வேண்டும். அரசு ஒரு பங்கு, சீனியர் ஒரு பங்கு, வழக்கறிஞர் நல நிதியிலிருந்து ஒரு பங்கு என்று பிரித்தால் என்னைப் போன்றவர்கள் எங்கள் பங்கைத் தயங்காமல் போடுவோம். வழக்கறிஞர் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் தரும் அளவுக்கு நல நிதியை வளர்த்திருக்கிறோம், அதற்காக வக்காலத்தில் (கட்சிக்காரர் தனக்காக ஆஜராக எங்களுக்குத் தரும் பத்திரம்) நாங்கள் ஒட்டும் நல நிதி முத்திரை ஒவ்வொன்றும் மனநிறைவோடு ஒட்டுவதுதான். உயிரோடு இருக்கிற இருபத்தைந்து வயதுக்காரருக்கும் அதில் ஒரு கிள்ளு கொடுக்கலாம். அதற்குச் சட்டத்தில் திருத்தம் வேண்டும் என்றால் கேளுங்கள்.

சான்றிதழ் சிக்கலுக்குச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. ஜூனியர் ஓர் அலுவலகத்தில் சேரும் அன்றே ஒரு பக்கக் கடிதம், சேர்ந்த தேதி, மாதத் தொகை, சீனியர் கையெழுத்து. அதை உங்கள் இணையதளத்தில் ஏற்றிவிட ஒரு வசதி. அலுவலகம் மாறினால் இன்னொரு கடிதம். சீனியர் கடைசியில் கையெழுத்து மறுத்தால், இந்தப் பதிவையும் ஜூனியர் பெயர் இருக்கும் வக்காலத்துகளையும் வைத்து மாவட்ட நீதிபதியே நேரடியாகச் சான்றளிக்கும் வழியை எளிதாக்கும்படி உயர் நீதிமன்றத்தைக் கேளுங்கள். முதல் நாளிலிருந்து வக்காலத்தில் ஜூனியர் பெயரையும் சேர்க்கச் சொல்லி சீனியர்களுக்கும் எழுதுங்கள், எத்தனையோ பேர் அதைக்கூடச் செய்வதில்லை. புகாரைப் பொறுத்தவரை, பெயர் வெளியே தெரியாமல் வாங்கி விசாரிக்கும் ஒரு சிறு குழு போதும், அதில் ஐந்து ஆண்டுக்குக் குறைவான அனுபவம் உள்ளவர்களும் இருக்க வேண்டும். சட்டப்படி உங்கள் 25 தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பத்து ஆண்டு தாண்டியவர்களாக இருக்க வேண்டும். இளையவர்களுக்கு அப்படி ஓர் இட ஒதுக்கீடு கிடையாது, ஓட்டு மட்டும்தான்.

இதெல்லாம் நேரமெடுக்கும் என்று சொல்லாதீர்கள். 2025 பிப்ரவரியில் வழக்கறிஞர் சட்டத் திருத்த மசோதாவின் வரைவு வெளியானபோது நாம் எத்தனை நாளில் தெருவுக்கு வந்தோம்? கோர்ட்டைப் புறக்கணித்து, வளாகத்தில் கோஷம் போட்டு, பத்துப் பதினைந்து நாட்களுக்குள் மத்திய அரசு அந்த வரைவைத் திரும்பப் பெற்றது. அந்த ஊர்வலங்களில் முன்வரிசையில் பேனர் பிடித்து நின்றவர்கள் யார் என்று பழைய போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஜூனியர்கள். அன்று அவர்களுக்குப் பெட்ரோல் காசும் கிடைத்திருக்காது.

இப்போதைக்கு நான் கேட்பது மூன்று தகவல்கள். ஜூனியர் உதவித்தொகை பற்றி இதுவரை எத்தனை புகார்கள் உங்களுக்கு வந்திருக்கின்றன, அவற்றில் எத்தனையில் சீனியரிடம் விளக்கம் கேட்டீர்கள், எத்தனை பேருக்குத் தொகை வாங்கிக் கொடுத்தீர்கள். பூஜ்யமாக இருந்தாலும் எண்ணாகவே வெளியிடுங்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் மாவட்ட வழக்கறிஞர் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். ஓட்டுக் கேட்டு எங்கள் ஊருக்கு வருபவர்களிடமும் இதைத்தான் முதலில் கேட்போம். உங்கள் அலுவலகத்தில் ஜூனியர் எத்தனை பேர், மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது இரண்டாவது கேள்வி.

இப்படிக்கு,
மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞர்